புரூஜ் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வாய்க்கால், வாஃபிள், மாட்டுக்கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு

பெல்ஜியத்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் புரூஜ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சாப்பாட்டுக் கேள்விகள்தான் அதிகம், அதனால் பதிலிலும் அதுவே அதிகம்.

புரூஜ் எங்கே இருக்கிறது? எப்படிப் போய்ச் சேருவது?

பெல்ஜியத்தின் வடமேற்கு மூலையில், வட கடலில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே. மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தின் தலைநகர். பிரஸ்ஸல்ஸில் இருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், வழியில் கெண்ட் வரும். பாரிஸ்காரர்களுக்கு இன்னும் சுலபம்: லா சப்பல் தமிழ்க் கடைகளில் இருந்து நடக்கிற தூரத்தில் கார் து நோர் ரயில் நிலையம், அங்கே யூரோஸ்டார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ், அங்கே வண்டி மாற வேண்டும். லண்டனில் இருந்து பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு மணி நேரம். பெல்ஜியம் உள்ளூர் ரயிலில் இருக்கை முன்பதிவு எல்லாம் கிடையாது, டிக்கெட் எடுத்து ஏற வேண்டியதுதான். ஓஸ்டெண்ட், பிளாங்கென்பெர்கே, க்னோக்கே என்று கடற்கரை ஊர்களின் பெயர் போட்ட வண்டிகள் பெரும்பாலும் புரூஜ் வழியாகத்தான் போகும். ஸ்டேஷன் பலகையில் டச்சு முறைப்படி 'ப்ருக்கே' என்று இருக்கும், வேறு ஊரோ என்று இறங்காமல் இருந்துவிடாதீர்கள்.

காரில் வருகிறவர்கள் ஸ்டேஷன் பக்கத்துப் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடப்பது நல்லது. நடுச்சதுக்கத்துக்கு இருபது நிமிட நடை. பழைய நகரின் தெருக்கள் குறுகல், பாதிக்கு மேல் ஒருவழிப்பாதை, நிறுத்த இடம் தேடியே மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

ஒரு நாள் போதுமா?

பார்ப்பதற்குப் போதும். ஆனால் எந்த நேரத்தில் அங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். காலை பத்தரைக்கு மேல் டூர் பஸ்களும், சேபிரூகே துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களின் பயணிகளும் ஒன்றாக வந்து இறங்குவார்கள், மாலை ஐந்தரைக்கு மேல் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இந்த நடுநேரத்தில் மட்டும் வந்துபோனவர்கள்தான் "அழகான ஊர்தான், ஆனா ஒரே கூட்டம், சாப்பாடும் சுமார்" என்று சொல்கிறார்கள், பாவம், அவர்கள் பார்த்த ஊர் அப்படித்தான். ஒரு இரவு தங்கினால் வேறு ஊர் கிடைக்கும். பழைய நகருக்குள் வசிப்பவர்கள் சுமார் 20,000 பேர்தான், இரவு எட்டு மணிக்கு மேல் சில தெருக்களில் உங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அறை வாடகை வார இறுதியில் அதிகம், ஞாயிறு இரவில் இருந்து வியாழன் வரை குறையும்.

தங்க முடியாதா? சரி, முதல் ரயிலில் வாருங்கள், எட்டு மணிக்கு ஊருக்குள் இருங்கள்.

எப்படி இந்த ஊர் மட்டும் இவ்வளவு பழசாகவே இருக்கிறது?

ஏழையாகப் போனதால்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது தெரிந்தால் ஊரைப் பார்க்கும் கண்ணே மாறும்.

1134இல் அடித்த ஒரு புயல் கடலோர நிலத்தை அறுத்துக்கொண்டு வந்து ஸ்வின் என்ற கடற்கழியை உண்டாக்கியது. அதனால் புரூஜுக்குக் கடல் வழி கிடைத்தது. அடுத்த இருநூறு முந்நூறு ஆண்டுகள் வட ஐரோப்பாவின் பெரிய சந்தை இதுதான். இங்கிலாந்தின் ஆட்டு ரோமம் வரும், ஃபிளாண்டர்ஸ் நெசவாளிகளின் துணி போகும். 1277இல் ஜெனோவா வணிகர்களின் கப்பல்கள் வந்தன, பிறகு வெனிஸ்காரர்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கில் மிளகு முக்கியம், அது மலபார்க் கரையில் ஏற்றி, செங்கடல், அலெக்ஸாந்திரியா, வெனிஸ் என்று கைமாறிக் கைமாறி இங்கே வந்த மிளகு. நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு ஒரு காலத்தில் இந்த வாய்க்கால் ஓரத்தில் எடைபோடப்பட்டது என்பது எனக்கு இந்த ஊரில் பிடித்த விஷயங்களில் ஒன்று.

அப்புறம் ஸ்வின்னில் மணல் மேடிட்டது. 1500ஐ ஒட்டிப் பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனது. அதற்கு முன்பே, 1488இல், ஊர்க்காரர்கள் ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்ஸிமிலியனைச் சில மாதங்கள் சிறைவைத்து அவருடைய கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள், வெளிநாட்டு வணிகர்கள் ஆண்ட்வெர்ப்புக்கு நகரத் தொடங்கினார்கள். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்து மிளகுக்குக் கடல் வழி திறந்த பிறகு போர்த்துகீசியரும் தங்கள் சரக்கை ஆண்ட்வெர்ப்பில்தான் இறக்கினார்கள். புரூஜ் அப்படியே உறங்கிப் போனது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் மிக ஏழை நகரங்களில் ஒன்று, பெண்களும் சிறுமிகளும் லேஸ் எனப்படும் நூல் சரிகைப் பின்னல் செய்து அரைவயிறு கஞ்சி குடித்த ஊர். ஆலை வரவில்லை, பணம் வரவில்லை, அதனால் இடித்துக் கட்ட யாருக்கும் வசதி இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. 2000இல் பழைய நகர் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் நீங்கள் பார்ப்பது எல்லாம் இடைக்காலம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும் பல கட்டடங்களைப் பழைய பாணியிலேயே புதிதாகக் கட்டினார்கள். எல்லோரும் படம் எடுக்கும் போனிஃபாசியஸ் பாலத்தைப் பார்த்தால் எழுநூறு வயது என்று தோன்றும், அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை, வழிகாட்டி அளந்துவிட்டால் நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

படகு சவாரி அவசியமா?

வெயில் அடித்தால் போங்கள். 'வடக்கின் வெனிஸ்' என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் படகில் போகலாம் என்று நினைக்காதீர்கள், இங்கே படகு போக்குவரத்துக்கு அல்ல, அரை மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். ஐந்து படித்துறைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பாதை, ஒரே விலை, பெரியவர்களுக்குப் பத்துப் பதினைந்து யூரோ. எனவே வரிசை குறைவான துறையில் ஏறுங்கள். மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஓடும். தண்ணீருக்குள் இருந்து நேராக எழும் சுவர்களையும், தெருவில் இருந்து தெரியாத பின்பக்கத் தோட்டங்களையும் படகில் இருந்துதான் பார்க்க முடியும்.

ரோசன்ஹூட்காய் என்ற கரையில் நின்றால் அஞ்சலட்டைப் படம் கிடைக்கும். அங்கே பகலில் செல்ஃபிக்கு வரிசையே நிற்கும். காலை ஏழரைக்குப் போனால் உங்களுக்கும் வாத்துகளுக்கும் மட்டும்.

மணிக்கூண்டு ஏறலாமா?

83 மீட்டர் உயரம், 366 படிகள், லிஃப்ட் இல்லை. மேலே போகப் போகப் படிக்கட்டு ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கும், எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி, மூச்சுத்திணறல், மூடிய இடம் என்றால் பயம், இதில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே 47 மணிகள், பழைய இசை இயந்திரத்தின் பெரிய உருளை எல்லாம் பார்க்கலாம். டிக்கெட்டை நேரம் குறித்து முன்பே எடுத்துவிடுங்கள். ஏறாதவர்கள் கீழே மார்க்ட் சதுக்கத்தில் உட்கார்ந்து மணியோசையை இலவசமாகக் கேட்கலாம்.

மைக்கேலாஞ்சலோ செய்த சிலை இங்கே இருக்கிறதாமே?

இருக்கிறது, அசல்தான். அன்னை மரியாள் ஆலயத்தில். அந்த ஆலயத்தின் செங்கல் கோபுரம் 115 மீட்டருக்கு மேல், மணிக்கூண்டைவிட உயரம். தாயும் குழந்தையும் வெள்ளைப் பளிங்கில், உயரம் ஒன்றேகால் மீட்டர் இருக்கும். துணி வியாபாரத்தில் பணம் பார்த்த ஒரு புரூஜ் குடும்பம் வாங்கி வந்தது, அந்தச் சிற்பி உயிரோடிருந்தபோதே இத்தாலியை விட்டு வெளியேறிய அபூர்வமான சிலை. இரண்டு முறை களவு போனது. 1794இல் பிரெஞ்சுப் படை எடுத்துப்போனது, நெப்போலியன் தோற்ற பிறகு திரும்பியது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் செஞ்சிலுவைச் சங்க லாரியில் மெத்தைகளுக்கு நடுவே மறைத்துக் கடத்தினார்கள், அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவில் ஒரு உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. பாதிப் பேர் ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் பகுதிக்குப் போகாமல் திரும்பிவிடுகிறார்கள். சிலை அந்தப் பகுதிக்குள்தான்.

ஓவியம் பிடிக்குமென்றால் பக்கத்திலேயே குரூனிங்க அருங்காட்சியகத்தில் யான் வான் எய்க் 1436இல் முடித்த ஓவியம் ஒன்று இருக்கிறது, கம்பளத்தின் நூலையும் பாதிரியாரின் முகச் சுருக்கத்தையும் எண்ணிவிடலாம். பிடிக்காதென்றால் கட்டாயப்படுத்திக்கொண்டு போக வேண்டாம், அந்த நேரத்தில் சாப்பிடலாம்.

முதலில் எதைச் சாப்பிட வேண்டும்?

ஃபிரீட். அதாவது உருளைக்கிழங்கு வறுவல். வெளிநாட்டவர் இதற்கு பிரான்ஸின் பெயரை வைத்துவிட்டார்கள், பெல்ஜியக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் சண்டைக்கு வருவார்கள். ஒரு விரல் கனத்தில் நறுக்கி, முதலில் 150 டிகிரி அளவில் வேகப் பொரித்து, எடுத்து ஆறவிட்டு, நீங்கள் கேட்டதும் 175, 180 டிகிரியில் மறுபடி பொரிப்பார்கள். ஆறவிடும் அந்த இடைவெளிதான் ரகசியம்: உள்ளே மாவாக வெந்திருக்கும், வெளியே மொறுமொறுவென்று உடையும். காகிதக் கூம்பில் கொடுப்பார்கள், மேலே மயோனைஸ். தக்காளி சாஸ் கேட்டாலும் தருவார்கள், ஆனால் மயோனைஸோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

மணிக்கூண்டின் காலடியிலேயே பச்சை நிற வண்டிக்கடைகள் இருக்கின்றன, இடத்துக்காகவே அங்கே சாப்பிடலாம். உருளைக்கிழங்கு வறுவலுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. அது இருக்கும் கட்டடம் 1399இல் ஜெனோவா வணிகர்கள் தங்கள் அலுவலகமாகக் கட்டியது. மிளகு விற்றவர்களின் வீட்டில் இப்போது உருளைக்கிழங்கின் வரலாறு.

எண்ணெயா, கொழுப்பா? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வாங்கும் முன் கேட்க வேண்டும், ஆனால் பலர் வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் கேட்கிறார்கள். பெல்ஜியத்தில் பாரம்பரிய முறையில் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அந்த வாசனையும் மொறுமொறுப்பும் அதனால்தான் என்று பெருமையாகவே சொல்வார்கள், அட்டையில் எழுதியும் வைத்திருப்பார்கள், டச்சு மொழியில். இப்போது தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் நிறைய. "தாவர எண்ணெயா, விலங்குக் கொழுப்பா?" என்று ஆங்கிலத்தில் நேராகக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வீகன் கூட்டம் அதிகமாகிவிட்டதால் தினமும் கேட்டுப் பழகியவர்கள். தாவர எண்ணெய் என்றாலும் அதே சட்டியில் கோழியும் இறைச்சி உருண்டையும் பொரிப்பார்களா என்று இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள். இதே காரணத்துக்காகச் சீஸ் க்ரோக்கெட்டும் (பொரித்த சீஸ் உருண்டை) சைவப் பண்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

மற்றவை: வாஃபிளில் முட்டை உண்டு. 'இன்றைய சூப்' காய்கறி சூப்பாக இருந்தாலும் இறைச்சி வடிநீரில் செய்திருக்கலாம், கேளுங்கள். பல சீஸ்களில் கன்றின் வயிற்றுச் சுரப்பு சேர்க்கிறார்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் ரொட்டி, தக்காளி சாஸ் போட்ட பாஸ்தா, சாலட், ஃபலாஃபல் என்று சமாளிக்கலாம், பட்டினி கிடக்க மாட்டீர்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு: இறைச்சிக் குழம்பில் பீர், சிப்பி மஸ்ஸலில் வெள்ளை வைன், சாக்லேட் சிலவற்றில் மதுபானம், மூன்றும் சாதாரணம் இங்கே.

வாஃபிள் எது நல்லது?

இரண்டு வகை. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் நீள்சதுரம், ஆழமான குழிகள், காற்றுப்போல லேசு, மேலே பொடித்த சர்க்கரை போதும். லியேஜ் வாஃபிள் வட்டமாகவும் இல்லாமல் சதுரமாகவும் இல்லாமல், மாவுக்குள்ளேயே கற்கண்டு போன்ற சர்க்கரைத் துண்டுகள் கலந்து, சுடும்போது அவை உருகிப் பாகாகி வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேலே ஒன்றுமே தேவையில்லை. கண்ணாடிக்குள் ஸ்ட்ராபெரி, கிரீம், மூன்று நிறச் சாக்லேட் குழம்பு எல்லாம் ஊற்றி அடுக்கி வைத்திருப்பார்களே, அது காலையில் சுட்டு வைத்தது. உங்கள் கண் முன்னால் இரும்பில் மாவை வைக்கிற கடையில் நில்லுங்கள். முதல்முறை வருகிறவர் என்றால் லியேஜ் வாஃபிள், வெறுமனே, சூடாக.

சாக்லேட் கடை ஐம்பது இருக்கிறது. எங்கே வாங்குவது?

உள்ளே வேறு பொருள் வைத்து வெளியே சாக்லேட் ஓடு போட்ட பிரலீன்தான் பெல்ஜியத்தின் சொத்து. 1912இல் பிரஸ்ஸல்ஸில் ழான் நியூஹாஸ் அதைச் செய்தார், அவருடைய தாத்தா நடத்தியது மருந்துக்கடை. புரூஜில் தெருவுக்குத் தெரு கடை, ஆனால் எல்லோரும் செய்கிறவர்கள் இல்லை, மொத்தமாக வாங்கி விற்பவர்களும் உண்டு. 'ஐந்து பெட்டி பத்து யூரோ' என்று வாசலில் அடுக்கியிருந்தால் கடந்து போங்கள். கடைக்குப் பின்னாலேயே பட்டறை தெரிகிற இடம், ஒவ்வொன்றாகக் கைகாட்டி எடுத்துக்கொள்ள விடும் இடம், கிலோ விலை எழுதி வைத்திருக்கும் இடம் நல்லது. கால் கிலோ பெட்டி ஒன்று, நீங்களே தேர்ந்தெடுத்தது, அது போதும்.

சிமோன் ஸ்டெவின் சதுக்கத்தில் இருக்கும் 'தி சாக்லேட் லைன்' கொஞ்சம் விசித்திரமான சுவைகளுக்குப் பெயர் பெற்றது, வெங்காயம், வசாபி எல்லாம் வைத்துச் செய்பவர்கள். பிடிக்கிறதோ இல்லையோ, பேச விஷயம் கிடைக்கும். அந்தச் சதுக்கத்தில் நிற்கும் சிலைக்காரர் 1548இல் இந்த ஊரில் பிறந்து, தசம பின்னங்களில் கணக்குப் போட ஐரோப்பாவைப் பழக்கியவர். பில்லில் புள்ளிக்குப் பின்னால் 95 என்று போட்டால் அவரைத் திட்டிக்கொள்ளலாம்.

ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள்: கிரீம் வைத்த பிரலீன் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும், கொட்டைப் பசை வைத்தது கூடுதல் நாள் வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலில் மீனம்பாக்கத்திலோ கட்டுநாயக்காவிலோ இறங்குகிறவர்கள் பிரலீனை மறந்துவிட்டு, பட்டை பட்டையாக இருக்கும் கறுப்புச் சாக்லேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மீன், இறால் வகையில் என்ன?

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். எல்லோரும் மஸ்ஸல் என்ற சிப்பியைத் தேடுவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்: ஆளுக்கு ஒரு கிலோ அளவுக்குக் கறுப்புப் பானையில் செலரி, வெங்காயம் போட்டு வேகவைத்து, மூடியோடு மேசைக்கு வரும், ஒரு காலி ஓட்டையே இடுக்கிபோலப் பிடித்து மற்றவற்றை எடுத்துத் தின்பது உள்ளூர் பாணி. பெரும்பாலும் பக்கத்து நெதர்லாந்தின் சேலாண்டில் இருந்து வருகிறது, ஜூலை தொடங்கிக் குளிர்காலம் வரை நல்ல காலம். மே, ஜூனில் ஆர்டர் செய்துவிட்டுச் சின்னதாக இருக்கிறது என்று குறைசொல்ல வேண்டாம்.

நான் சொல்வது சாம்பல் இறால். நம் கூனி இறாலைவிடக் கொஞ்சம் பெரியது, வட கடலில் பிடித்துப் படகிலேயே கடல்நீரில் வேகவைத்துவிடுவார்கள். இனிப்பும் உப்புமாக ஒரு ருசி, பெரிய இறாலில் அது கிடையாது. கையால்தான் உரிக்க வேண்டும், இங்கே கூலி அதிகம் என்பதால் பெரும்பகுதி மொராக்கோவுக்குப் போய் உரிபட்டுத் திரும்பி வருகிறது. விலை ஏன் அதிகம் என்று இப்போது புரியும். க்ரோக்கெட்டாகச் சாப்பிடுங்கள்: இறாலின் ஓட்டைக் கொதிக்கவைத்த சாறில் வெள்ளைக் குழம்பு காய்ச்சி, அதில் இறாலைக் கலந்து குளிரவைத்து, உருட்டிப் பொரித்து, பொரித்த பார்ஸ்லியும் எலுமிச்சையும் வைத்துத் தருவார்கள். இரண்டு உருண்டை ஒரு தட்டு. உள்ளே இறால் தெரியாமல் வெறும் மாவாக இருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். குளிர்ச்சியாக வேண்டுமென்றால் தக்காளியைக் குடைந்து உள்ளே இறாலும் மயோனைஸும் அடைத்தது.

கடற்கரை ஊரான ஓஸ்ட்டவின்கெர்கெயில் இன்னும் சிலர் குதிரைமேல் ஏறி, கடலுக்குள் இறங்கி, பின்னால் வலையை இழுத்து இந்த இறாலைப் பிடிக்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்தத் தொழிலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புரூஜுக்குள்ளே 1821இல் கட்டிய தூண் மண்டபத்தில் பழைய மீன் சந்தை இருக்கிறது, காலையில் போனால் மீன்கடைகளைப் பார்க்கலாம்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு?

ஸ்டோஃப்ளேஸ். மாட்டிறைச்சியைக் கறுப்புப் பீரில் மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவைத்த குழம்பு, கடுகு தடவிய ரொட்டித் துண்டை மேலே போட்டால் அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். லேசான இனிப்பு உண்டு. காரம் கிடையாது, மிளகாய் கேட்டுச் சமையல்காரரை வருத்தப்படுத்த வேண்டாம். கூடவே ஃபிரீட் வரும், அதைக் குழம்பில் தோய்க்க வேண்டும். மாடு வேண்டாதவர்களுக்குக் கோழி, காளான், வெள்ளைக் குழம்போடு வரும் வோலோவான் இருக்கிறது.

பீர் குழாயில் ஓடுகிறது என்பது உண்மையா?

உண்மை. 1856இல் இருந்து ஒரே குடும்பம் நடத்தும் 'டி ஹால்ஃப மான்' ஆலை ஊர் நடுவில் இருக்கிறது, பாட்டிலில் அடைக்கும் இடம் ஊருக்கு வெளியே. லாரிகள் கற்கள் பதித்த தெருவில் போய் வந்து தொல்லையாக இருந்ததால், 2016இல் தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டார்கள். செலவில் ஒரு பங்கை ஊர் மக்களிடமே திரட்டினார்கள், பதிலுக்கு ஆயுள் முழுக்க பீர். ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம், படிகள் செங்குத்து, மொட்டைமாடியில் இருந்து ஊரின் கூரைகள் எல்லாம் தெரியும், கடைசியில் ஒரு குவளை சேர்த்திதான்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்களுடைய 'ப்ருக்சே சோட்' வெளிர் பீரில் 6 சதவீதம் ஆல்கஹால், 'ஸ்ட்ராஃபே ஹென்ட்ரிக்' ட்ரிப்பலில் 9. நம் ஊர் லாகர் நினைப்பில் மூன்று உள்ளே இறக்கிவிட்டு வாய்க்கால் ஓரம் நடக்காதீர்கள், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான்.

ஹோட்டலில் ஏமாறாமல் சாப்பிடுவது எப்படி?

மார்க்ட் சதுக்கத்தில் வெளியே உட்காரும் மேசைகளில் காபி குடிக்கலாம், இடத்துக்கான வாடகை என்று நினைத்துக்கொண்டு. சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று தெரு தள்ளிப் போங்கள். ஆறு மொழியில் படம் போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடும் ஆள், இரண்டும் இருந்தால் வேண்டாம். சிறிய மெனு, கரும்பலகையில் கையால் எழுதியது நல்ல அறிகுறி. மதியத்தில் 'டாக்ஸ்கோட்டல்' என்று எழுதியிருந்தால் அன்றைய தட்டு, இரவு விலையைவிடக் குறைவு, உள்ளூர் அலுவலகக்காரர்கள் அதைத்தான் சாப்பிடுவார்கள். நேரம் முக்கியம்: மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு, இரவு ஆறு முதல் ஒன்பது. மூன்று மணிக்குப் பசித்தால் ஃபிரீட்தான் கதி.

தண்ணீருக்குக் காசு. குழாய்த் தண்ணீர் கேட்டால் பல இடங்களில் மறுப்பார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை, சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு தெரியும் என்று அதில் ஆரம்பிக்காதீர்கள், இது டச்சு பேசும் பகுதி, ஆங்கிலம் பேசினால் முகம் மலரும்.

பிஸ்கட் ஏதாவது வாங்கலாமா?

வாங்கலாம், சாக்லேட்டைவிடப் புத்திசாலித்தனம் அதுதான். 'க்ளெட்ஸ்கோப்' இந்த ஊர்ச் சரக்கு, பாதாம் போட்டுச் சல்லடைபோல் மெல்லிசாக இருக்கும், உடையாமல் ஊர் சேராது. 'லுக்கன்' மேற்கு ஃபிளாண்டர்ஸில் புத்தாண்டுக்குச் சுடும் மெல்லிய வெண்ணெய் வாஃபிள், டப்பாவில் கிடைக்கும். ஸ்பெகுலோஸ் என்ற பழுப்புப் பிஸ்கட்டில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மணக்கும், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

வயதான அம்மா அப்பாவை, குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஊர் சமதளம். கற்கள் பதித்த தெருக்கள்தான் தொல்லை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் குலுங்கும், மெல்லிய செருப்பு வேண்டாம். ஸ்டேஷனில் இருந்து நடுவுக்குப் பேருந்து உண்டு. பெரியவர்களுக்கு நான் சொல்வது பெஹைன்ஹோஃப்: 1245இல் தொடங்கிய, துறவறச் சத்தியம் செய்யாமலே பக்தி வாழ்க்கை வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு. வெள்ளை வீடுகள், நடுவில் புல்வெளி, உயர்ந்த மரங்கள், வசந்தத்தில் மரத்தடி முழுக்க மஞ்சள் டஃபோடில். இப்போது கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள், சத்தம் போடக்கூடாது. முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. வெளியே வந்தால் மின்னவாட்டர் ஏரி, அன்னங்கள். மாக்ஸிமிலியனைச் சிறைவைத்தபோது அவருடைய ஆள் ஒருவரைக் கொன்றார்கள், கொல்லப்பட்டவரின் குலச்சின்னம் அன்னம், அதற்குத் தண்டனையாக ஊர் என்றென்றைக்கும் அன்னம் வளர்க்க வேண்டும் என்று ஆனதாகக் கதை. குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் அன்னத்துக்கு ரொட்டி போடச் சொல்லி அடம் பிடிப்பார்கள், போட வேண்டாம்.

சோறு கிடைக்குமா?

இந்திய, தாய், சீன உணவகங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு நாள்தானே.

கூட்டம் இல்லாத பக்கம் எது?

சின்ட் அன்னா பகுதி. மார்க்ட்டில் இருந்து கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்தால் சின்னச் சின்ன வீடுகள், சன்னலில் பூனை, துணி காயப்போட்ட கொல்லை. இங்கே இருக்கும் சரிகை மையத்தில் பின்னல்காரர்கள் டஜன் கணக்கான மரக்கட்டைகளைக் கையில் உருட்டிப் பின்னுவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தபின் நினைவுப்பொருள் கடையில் ஐந்து யூரோவுக்குத் தொங்கும் 'கைவேலைச் சரிகை' எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னும் கிழக்கே பழைய மதில் இருந்த மேட்டில் நான்கு காற்றாலைகள், அதில் 1770இல் கட்டிய ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நேரம் இருந்தால் அங்கிருந்தே வாடகைச் சைக்கிளில் டாம்மே போங்கள். ஆறேழு கிலோமீட்டர், நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய நேர்க்கோட்டு வாய்க்கால், இரண்டு கரையிலும் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த பாப்லர் மரங்கள். புரூஜின் பழைய வெளித்துறைமுகம் அந்த ஊர், இப்போது ஒரு சின்னக் கிராமம். எதிர்க்காற்று எந்தப் பக்கம் என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், போகும்போது பறந்துபோய்விட்டு வரும்போது அழுதவர்கள் உண்டு.

எந்த மாதம், எந்தக் கிழமை?

ஏப்ரல் பின்பாதி, மே, செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் நெரிசல். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தையும் விளக்கும் அழகு, ஆனால் நாலரைக்கே இருட்டிவிடும், படகும் இல்லை. மழை எந்த மாதமும் வரும், குடையைவிடத் தொப்பி வைத்த கோட்டு உதவும். புதன் காலை மார்க்ட்டில் சந்தை, சனிக்கிழமை 'ட் சாண்ட் சதுக்கத்தில். நல்ல உணவகங்கள் பல வாரத்தின் நடுவில் ஒன்றிரண்டு நாள் மூடும், அருங்காட்சியகங்களுக்கும் ஆளுக்கொரு விடுமுறை நாள், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் இரண்டையும் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.